நம் ஊர்ப் பள்ளிக்கூடம் யாருடையது?

 

கல்லங்குறிச்சி வட்டாரத்தில் மக்தப் நடத்துவோர் அனைவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. சுபுஹுத் தொழுகைக்குப் பின் ஓத வரும் பிள்ளைகள் எட்டு மணிக்குக் கிதாபை மூடிவைத்துவிட்டு, அதே பையில் பாடநூலை எடுத்துக்கொண்டு ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு ஓடுவார்கள். காலையில் ஒன்றரை மணி நேரம் நம்மிடம்; எஞ்சிய பகல் முழுதும் அந்தப் பள்ளியில். நம்மிடம் ஓதும் பிள்ளையின் அறிவில் பெரும்பகுதி எங்கே உருவாகிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு தாய் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், பள்ளிக்கூடத்துல ஓடு ஒழுகுது. பிள்ளைங்க ஒரு மூலையில ஒண்டிக்கிட்டு உக்காருதுங்க. டீச்சரம்மாகிட்ட கேட்டா கட்டடம் எங்க கையில இல்லேங்கிறாங்க. வாத்தியார் வேற ஆளு, சோறு வேற ஆளு, கட்டடம் வேற ஆளாம். அப்ப யாருகிட்டத்தான் போய்ச் சொல்றது?" என்றார். நமக்கு விடை தெரியவில்லை. இருபதாண்டுகளுக்கும் மேலாக ஓதிக்கொடுக்கிறோம்; நம் பிள்ளைகள் பகலெல்லாம் அமர்ந்திருக்கும் கூரை யாருடையது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வெட்கத்தால் தேடத் தொடங்கினோம். தேடியபோது, அந்தத் தாயின் கேள்விக்குப் பின்னால் இருநூறாண்டு வரலாறு இருப்பது புலனாயிற்று.

மன்றோவின் கணக்கும் வாரியங்களின் காலமும்

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள் என்று கணக்கெடுக்குமாறு ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். முஸ்லிம் மாணவர்களைத் தனியே குறிக்கவும் பட்டியலில் இடமிருந்தது. 1826இல் அவர் தொகுத்துரைத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அப்போதைய மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம். அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு அரசு நிதி இல்லை. திண்ணையில் அமர்ந்த ஆசிரியருக்கு ஊரார் நெல்லும் காசும் கொடுத்தனர். ஊர் கொடுத்தது, ஊரே கேட்டது. ஆயினும் அந்த 'ஊர்' என்பதற்குள் பெண்பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட மக்களும் பெரும்பாலும் இடம்பெறவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

மன்றோ ஒரு திட்டமும் முன்வைத்தார். மாவட்டந்தோறும் இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என இரண்டு பெரிய பள்ளிகள். அவற்றுக்குக் கீழே தாசில்தார் பகுதிகள்தோறும் பள்ளிகள். 1827இல் அவர் மறைந்தார். திட்டமும் தளர்ந்து போயிற்று.

1854ஆம் ஆண்டின் சார்லஸ் வுட் கல்வி அறிக்கையை அடுத்து மாகாணத்தில் பொதுக்கல்வித் துறை தோன்றியது. தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை வழங்கும் முறையும் அப்போதுதான் வேரூன்றியது. 1871இல் உள்ளூர் நிதிச் சட்டம் வந்தது. 1884இல் உள்ளாட்சி வாரியச் சட்டம் வந்தது. அப்போது உடையார்பாளையம் வட்டத்தைச் சேர்ந்திருந்த அரியலூர்ப் பகுதியின் பள்ளிகள் திருச்சிராப்பள்ளி மாவட்ட வாரியத்தின் ஆளுகைக்குள் வந்தன. சாலை போடுகிற, மருந்தகம் நடத்துகிற அதே வாரியந்தான் பள்ளியையும் நடத்தியது.

அதே 1871இல் தலைமை ஆளுநர் மேயோ, முஸ்லிம்கள் அரசுக் கல்வியில் பின்தங்கியிருப்பதைக் குறிப்பிட்டுத் தீர்மானம் ஒன்றை வெளியிட்டார். 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழுவும் முஸ்லிம்களுக்கெனத் தனிப் பரிந்துரைகளை அளித்தது. நம் சமுதாயப் பெரியோர் 1901இல் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தையும், 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியையும், 1951இல் திருச்சி ஜமால் முகமது கல்லூரியையும் எழுப்பினர். அவர்களின் உழைப்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் கல்லூரி வாசலை அடையும் பிள்ளை முதலில் ஏதேனும் ஒரு தொடக்கப்பள்ளியின் படியில் ஏறியாக வேண்டும். அந்தப் படி பெரும்பாலும் பொதுப்பள்ளியின் படியே.

1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் அடுத்த திருப்பம். மாவட்டந்தோறும் கல்வி மன்றம் அமைக்கவும், உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்கவும் அது வழி செய்தது. நகராட்சிகளின் சொத்துவரி ரசீதில் 'கல்வி வரி' என்ற வரி இன்றும் தென்படுவது பலருக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கென ஊர் தனியே வரி கட்டிய காலத்தின் எச்சம் அது.

ஒன்றியப் பள்ளி வந்த வழி

விடுதலைக்குப் பின் காமராஜர் ஆட்சியில் (1954–1963) பள்ளிகள் சிற்றூர்களுக்குப் பெருகின. 1956இல் மதிய உணவு தொடங்கிற்று. அதன் செலவில் அரசு ஒரு பங்கும் ஊரார் ஒரு பங்கும் ஏற்றனர். 1950களின் இறுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் நிலமும் கொடுத்தனர்.

1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தைத் தொடர்ந்து ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. மாவட்ட வாரியங்கள் மறைந்தன. வாரியத்தின் தொடக்கப்பள்ளிகள் ஒன்றியத்தின் கைக்கு மாறின. நம் ஊர்ப் பள்ளியின் நெற்றியில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி' என்ற பெயர் ஏறியது இவ்வாறே. அன்று கட்டடமும் ஒன்றியத்துடையது, ஆசிரியரும் ஒன்றியத்தின் ஊழியர். ஒன்றியத் தலைவரின் விருப்பு வெறுப்புகள் ஆசிரியரின் இடமாற்றம்வரை நீண்டதாக மூத்தவர்கள் சொல்வார்கள்.

1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். ஆசிரியருக்கு அது பாதுகாப்பு. அதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அன்றுதான் ஒரே பள்ளி இரண்டு கைகளுக்குப் பிரிந்தது. ஆசிரியர் துறையின் கையில். கட்டடம் ஒன்றியத்தின் கையில். மறு ஆண்டு, 1982 ஜூலை 1 அன்று, திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அது சமூக நலத்துறையின் பொறுப்பாயிற்று. மூன்றாவது கை வந்தது. 1986இல் தொடக்கக் கல்விக்கெனத் தனி இயக்ககம் பிறந்தது. 1976இல் 42ஆவது திருத்தம் கல்வியைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியிருந்ததால், ஒன்றிய அரசின் திட்டங்களும் நிதியும் நான்காவது கையாக நுழைந்தன.

அந்தத் தாய் சொன்னது சரியே. வாத்தியார் வேறு ஆள், சோறு வேறு ஆள், கட்டடம் வேறு ஆள். எவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தம் கையில் இருப்பதை மட்டும் சொன்னார்கள்.

இன்றைய ஆளுகை

பெரம்பலூர் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் பெரம்பலூருடன் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி தனித்தது. இன்று மாவட்டக் கல்விக்கு முதன்மைக் கல்வி அலுவலர் தலைவர். அவருக்குக் கீழே மாவட்டக் கல்வி அலுவலர்கள். ஒன்றிய அளவில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளைக் கவனிப்பவர் வட்டாரக் கல்வி அலுவலர். 2018இல் எல்லா அலுவலகங்களும் ஒரே குடைக்குள் கொண்டுவரப்பட்டன. 2022இல் தொடக்கக் கல்விக்குத் தனி மாவட்ட அலுவலர்கள் மீண்டும் வந்தனர். பெயர்ப்பலகைகள் இப்படி மாறும்போது எளிய பெற்றோர் குழம்புவதில் வியப்பில்லை.

கட்டடப் பக்கம் வட்டார வளர்ச்சி அலுவலரும் ஒன்றியக் குழுவும் உள்ளனர். ஆனால் 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை சிற்றூர் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவரும் இல்லை. 2019இல் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். கூரை ஒழுகும்போது வாசலில் நின்று கேட்பதற்கு நாம் வாக்களித்த ஒருவர் இல்லாத காலங்கள் இவை.

அமெரிக்காவில் இது வேறு வகை. அங்கே 'பள்ளி மாவட்டம்' என்பது தனி உள்ளாட்சி. மக்கள் பெரும்பாலும் பள்ளிக் குழுவைத் தேர்தலில் தேர்ந்தெடுப்பர். குழு கண்காணிப்பாளரை நியமிக்கும். செலவில் கணிசமான பகுதி அப்பகுதி வீட்டுவரியிலிருந்து வரும். கேட்பதற்கு ஒரே வாசல். ஆயினும் செல்வர் வாழும் புறநகரில் வீட்டின் மதிப்பு அதிகம், வரி அதிகம், பள்ளியும் சிறப்பு. ஏழைகள் வாழும் பகுதியில் எல்லாமே குறைவு. இது நீதியா என்று டெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரப் பெற்றோர் தொடுத்த வழக்கில், சமமான பள்ளி நிதி அரசமைப்புச் சட்டம் தரும் உரிமையன்று என 1973இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஊரே நடத்தினால் ஊரின் ஏழ்மையும் பள்ளிக்குள் வந்துவிடும். அரசே நடத்தினால் ஊரின் குரல் வெளியே நின்றுவிடும். நம் வரலாறு முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு வந்திருக்கிறது.

பணம் வரும் வழி

2025–26 நிதியாண்டுக்குத் தமிழக அரசு பள்ளிக்கல்வித் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். ஆசிரியர் ஊதியம் இதில்தான் வருகிறது. ஒன்றிய அரசின் 'சமக்ர சிக்ஷா' திட்டம் 2018 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற பங்கீடு. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தம் பற்றிய பிணக்கில், 2024–25க்குரிய 2,152 கோடி ரூபாய் தமிழகத்துக்கு வராமல் நின்றது; மாநில அரசு உச்சநீதிமன்றத்தை நாடியது. தில்லியில் நிற்கும் கோப்புக்கும் கல்லங்குறிச்சி வட்டாரத்து வகுப்பறைக்கும் இடையே உள்ள தொலைவு நாம் நினைப்பதைவிடக் குறைவு.

பள்ளியின் கைக்கு நேரே வரும் மானியம் சிறிது. திட்ட விதிப்படி, 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். அதாவது ஐந்து வகுப்புகளுக்கு இருவர். ஆகவே வேன் ஏறித் தனியார் பள்ளிக்குச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையும் இந்த எண்ணிக்கைகளை ஒரு படி கீழே இழுக்கிறது. வேனில் ஏற்றும் பெற்றோரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. தம் பிள்ளைக்கு நல்லதையே அவர்கள் நாடுகிறார்கள். ஆனால் கட்டணம் கட்ட இயலாத வீட்டின் பிள்ளை எஞ்சிய பள்ளியில் எஞ்சிய பங்கோடு அமர்ந்திருக்கிறது.

நம் மண்ணுக்கே உரிய இன்னொரு வழியும் உண்டு. கல்லங்குறிச்சியின் பெயர் உலகப் புவியியல் நூல்களில் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் சிப்பிகள் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல் அடுக்குக்கு இவ்வூரின் பெயரையே அறிஞர்கள் இட்டிருக்கின்றனர். அந்தக் கல்லை வெட்டித்தான் சிமெண்ட் ஆலைகள் இயங்குகின்றன. 2015ஆம் ஆண்டின் சட்டத்திருத்தப்படி, சுரங்கம் நடத்துவோர் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையோடு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் ஒரு பங்கு செலுத்த வேண்டும். பழைய குத்தகையாயின் உரிமத்தொகையில் 30 விழுக்காடு, ஏலத்தில் பெற்ற புதிய குத்தகையாயின் 10 விழுக்காடு. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 80 ரூபாய் உரிமத்தொகை என்றால், ஒவ்வொரு டன்னிலும் 24 அல்லது 8 ரூபாய் அந்த அறக்கட்டளைக்குச் சேரும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கே அந்த நிதி முதலில் உரியது; முன்னுரிமைப் பணிகளில் கல்வியும் ஒன்று. லாரிப் புழுதியைச் சுவாசிக்கும் பிள்ளையின் வகுப்பறைக்கு அந்தப் பணத்தைக் கேட்பது பிச்சையன்று, உரிமை.

தேர்ச்சியும் கற்றலும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது, அரியலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 71 விழுக்காடு, பெரம்பலூரில் 74 விழுக்காடு. பின்தங்கிய மாவட்டங்கள் என்றே பேசப்பட்டன. பின்னர் நடந்ததைப் பாருங்கள். 2023இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் பெரம்பலூர் 97.67 விழுக்காட்டுடன் மாநிலத்தில் முதலிடம். 2024இல் அதே தேர்வில் அரியலூர் 97.31 விழுக்காட்டுடன் முதலிடம். மாநிலச் சராசரி 91.55. 2025இல் பன்னிரண்டாம் வகுப்பிலும் அரியலூரே 98.82 விழுக்காட்டுடன் முதலிடம். அல்ஹம்துலில்லாஹ். மாலை வகுப்பு நடத்திய ஆசிரியர்களுக்கும், தம் எழுத்தறியாமையைத் தம் பிள்ளையோடு முடித்துவிட நினைத்த தாய்மார்களுக்கும் இதில் பங்குண்டு.

ஆயினும் தேர்ச்சி வேறு, கற்றல் வேறு. கொரோனாவுக்குப் பின் 2022இல் நடந்த 'அசர்' ஆய்வின்படி, தமிழகச் சிற்றூர்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 4.8 விழுக்காட்டினரே, 2018இல் அது 10.2 விழுக்காடு. அதே ஆண்டு அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது இந்தக் குறையைக் களையத்தான். நம் மக்தபிலும் இதைக் காண்கிறோம். அரபு எழுத்தை நிறுத்தி ஓதும் பிள்ளை, தமிழ்ப் பத்தியை எழுத்துக் கூட்டித் தடுமாறும். பத்தாம் வகுப்பின் முதலிடம், மூன்றாம் வகுப்பின் தடுமாற்றத்தை மறைத்துவிடக் கூடாது.

நம் பங்கு என்ன?

"இது அரசின் வேலை, ஜமாஅத்துக்கு இதில் என்ன?" என்று சிலர் கேட்கலாம். 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, பள்ளிப் பருவ முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவில் பயில்வோர் ஏறத்தாழ 3 விழுக்காடே என்று காட்டியது. எஞ்சிய 97 பேரைப் பற்றிப் பேசாமல் சமுதாயக் கல்வி பற்றிப் பேசுவது எவ்வாறு? பத்ருப் போரின் கைதிகளில் எழுதத் தெரிந்தோரிடம், மதீனாச் சிறுவர்க்கு எழுத்துக் கற்பிப்பதையே ஈட்டுத்தொகையாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்ட வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கற்பித்தவர் யார் என்று அங்கே பார்க்கப்படவில்லை; பிள்ளை கற்றதா என்பதே பார்க்கப்பட்டது.

வக்ஃபுச் சட்டம் ஓதியோர் ஒன்றை அறிவர். வக்ஃபின் வருவாயில் முதல் செலவு அந்தச் சொத்தின் பழுதுபார்ப்புக்கே. ஆசிரியர் உதவித்தொகையும் மாணவர் உணவும் அதன் பின்னரே. கூரை நின்றால்தான் கல்வி நிற்கும் என்பதை நம் முன்னோர் சட்டமாகவே எழுதி வைத்தனர். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்த பின்னரே மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை இடிக்க ஆணை வந்தது. அந்த வரிசையை நாம் மறந்ததற்கு மூன்று வீடுகள் விலை கொடுத்தன.

கேட்பதற்கு இன்று ஒரே வாசல் சட்டத்தில் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், மானியச் செலவைக் கண்காணிப்பதும் அதன் கடமை. தமிழகத்தில் 2022இலும் 2024இலும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. முன்னாள் மாணவர்க்கும் இடம் தரப்பட்டது. கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைப் பிற்பகல். ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும் வழியில்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது.

அந்தத் தாயின் பள்ளியில் நாம் அறிந்தவரை நம் வீட்டார் எவரும் அதுவரை கூட்டத்துக்குச் சென்றதில்லை. இரண்டு பெரியவர்களும் மூன்று தாய்மார்களுமாக அடுத்த கூட்டத்துக்குச் சென்றோம். தலைமையாசிரியை மகிழ்ந்தார்; ஒற்றைக் குரலாய் எழுதி எழுதி அவரும் களைத்திருந்தார். ஓடு மாற்ற வேண்டும் என்று தீர்மானம் எழுதப்பட்டது. அந்தத் தாய் கையெழுத்திட்டார். அதன் படிகள் ஒன்றியத்துக்கும், வட்டாரக் கல்வி அலுவலருக்கும், மாவட்ட ஆட்சியருக்கும் சென்றன. நான்கு கைகளுக்கும் ஒரே தாள். வாய்ச்சொல்லை ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் அனுப்பலாம். தேதியிட்ட தீர்மானத்துக்குப் பதில் எழுதியாக வேண்டும்.

சில வாரங்கள் கழித்து ஓடுகள் மாற்றப்பட்டன. பின்சுவரின் விரிசல் இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்த தீர்மானம் அதற்கு, இன்ஷா அல்லாஹ்.

மன்றோ காலத்து ஊர் தன் பள்ளிக்கு நெல் கொடுத்துக் கேள்வி கேட்டது. வாரியக் காலத்து ஊர் வரி கொடுத்துக் கேட்டது. காமராஜர் காலத்து ஊர் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்துக் கேட்டது. இன்று நாமும் வரி கொடுக்கிறோம். கேட்பதை மட்டும் விட்டுவிட்டோம். மாதத்தில் ஒரு பிற்பகல் ஒதுக்குங்கள் என்பதே நம் வேண்டுகோள். ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் தன் எல்லைக்குள் உள்ள அரசுப் பள்ளிகளை எண்ணி, ஒவ்வொன்றின் குழுவிலும் நம் பெற்றோர் இருக்கிறார்களா என்று பார்க்கட்டும். அங்கே நாம் கேட்கும் கூரை நம் பிள்ளைக்கு மட்டுமன்று. பக்கத்தில் அமர்ந்திருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆனது. மழை பெயர் கேட்டுப் பெய்வதில்லை.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் அருள்வானாக. அவர்கள்மீது நமக்குள்ள அமானிதத்தை நிறைவேற்றும் ஆற்றலை நமக்கும் தருவானாக. ஆமீன்.